கழித்தது போக மீதி

பெர்லினுக்கு வருகிறவர்கள் நாடாளுமன்றத்தின் கண்ணாடிக் கும்மட்டத்தில் ஏறி ஊரைப் பார்ப்பார்கள். பிராண்டன்பர்க் வாயிலுக்கு முன்னால் நின்று படம் பிடித்துக்கொள்வார்கள். அங்கிருந்து கிழக்கே கொஞ்சம் நடந்தால், ஸ்பிரே ஆற்றங்கரையை ஒட்டி புன்சன் தெரு என்று ஒரு குட்டித் தெரு வரும். கடைகண்ணி கிடையாது, கூட்டமும் கிடையாது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் நீல ஜுவாலையோடு எரியுமே, அந்த அடுப்புக்குப் பெயர் கொடுத்த புன்சன்தான் இந்தத் தெருவுக்கும் பெயர் கொடுத்தவர். அங்கே ஒன்றாம் எண் கட்டடத்தைப் பார்க்கத்தான் நான் போனேன். ஒரு காலத்தில் பெர்லின் பல்கலைக்கழகத்தின் இயற்பிய வேதியியல் கூடம் இருந்த இடம்.

நான் தேடிப்போனது ஒரு கேள்வியின் பிறந்த வீடு. ஒரு திடப்பொருளை ஒரு டிகிரி சூடேற்ற எவ்வளவு வெப்பம் வேண்டும்? இதுதான் கேள்வி. பாடப்புத்தகம் இதை வெப்ப ஏற்புத்திறன் என்கிறது. கல்லூரியில் செம்புக் கிண்ணத்தில் வெந்நீரை ஊற்றிக் கலக்கி, வெப்பமானியைப் பார்த்துக் கணக்குப் போட்டவர்களுக்கு இதைவிடச் சலிப்பான பரிசோதனை வேறு இருந்திருக்காது. ஆனால் இதே பரிசோதனையைக் கடுங்குளிரில் செய்து பார்த்ததால்தான், குவாண்டம் என்பது வெறும் கணக்கு வித்தை இல்லை, கல்லிலும் ஈயத்திலும் வெள்ளியிலும் குடியிருக்கிற உண்மை என்று உலகம் ஒப்புக்கொண்டது.

கதை 1819-இல் பாரிஸில் தொடங்குகிறது. துலோங், பெட்டி என்ற இருவர் உலோகங்களை வரிசையாக அளந்துபார்த்து ஒரு விதி சொன்னார்கள். எந்தத் தனிமமாக இருந்தாலும் ஒரு மோல் எடுத்துக்கொண்டால் அதன் வெப்ப ஏற்புத்திறன் ஏறக்குறைய ஒன்றுதான்; இன்றைய அலகில் 25 ஜூல். செம்பு, வெள்ளி, ஈயம், தங்கம் எல்லாம் இதற்குப் பணிந்தன. வைரமோ பணியவில்லை. அறை வெப்பநிலையில் அதன் மதிப்பு இதில் கால் பங்குதான்.

இந்த அடங்காப் பிள்ளையை விடாமல் துரத்தியவர் ஹைன்ரிக் வெபர். 1872-இல் பெர்லினில் அவர் வைரத்தை அளந்த கருவி புன்சன் வடிவமைத்த பனிக்கட்டிக் கலோரிமானி. சூடான பொருளை உள்ளே போட்டால் எவ்வளவு பனி உருகுகிறது என்று பார்த்து வெப்பத்தைக் கணக்கிடும் கருவி அது. அதைச் சுற்றிப் பனி நிரப்பி வைக்க வேண்டும். மார்ச் மாதம் வந்தது, வெளியே பனி தீர்ந்துபோயிற்று. வானிலை இடம் கொடுத்ததும் மேற்கொண்டு அளப்பேன் என்று கட்டுரையிலேயே எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார் மனிதர். குளிரை உண்டாக்கத் தெரியாத காலத்தில் குளிரை அளப்பது பருவமழையை நம்பிய விவசாயம் மாதிரி. மூன்று வருடம் கழித்து அவர் வெளியிட்ட முடிவு திடுக்கிட வைத்தது. மைனஸ் 100 டிகிரியிலிருந்து 1000 டிகிரி செல்சியஸ் வரை போனால் வைரத்தின் மதிப்பு 15 மடங்கு ஏறுகிறது. அதாவது குளிரக் குளிர, வைரம் வெப்பத்தை ஏற்கவே மறுக்கிறது.

பிற்காலத்தில் சூரிச்சில் பேராசிரியராக இருந்த வெபரிடம் ஒரு மாணவன் படித்தான். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அந்த மாணவன் பேர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே 1907-இல் ஒரு கட்டுரை வெளியிட்டான். வெபரின் வைர அளவுகளை எடுத்துவைத்துக்கொண்டு, அணுக்களின் அதிர்வு ஆற்றலும் படிப்படியாகத்தான் மாறும் என்று வைத்தால் இந்தச் சரிவு தானாக வந்து நிற்கிறது என்று காட்டினான். மாணவனின் பெயர் ஐன்ஸ்டைன். வைரத்தின் அணுக்கள் லேசானவை, பிணைப்போ விறைப்பானது. அதனால் வேகமாக அதிர்கின்றன, ஒவ்வொரு படியும் உயரமாக இருக்கிறது. சுற்றுப்புறம் குளிர்ந்துவிட்டால் அந்த முதல் படிக்கு ஏறும் அளவு ஆற்றல் அணுவுக்குக் கிடைப்பதில்லை. அரைப்படி என்று ஒன்று கிடையாது. ஆகவே அணு சும்மா இருந்துவிடுகிறது. ஈயம் கனம், பிணைப்பும் மெத்து. அதன் படிகள் குட்டை. எனவே அது வெகு தாழ்வான குளிர்வரை பழைய விதிக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது.

இதை அன்று நம்பியவர்கள் மிகச் சிலர். ஒரே ஒரு கல்லின் அளவை வைத்து உலகத்தின் இயற்பியலை மாற்றிக்கொள்ள யார் முன்வருவார்கள்? எல்லாப் பொருளும் இப்படித்தானா என்று பார்க்க வேண்டும். அதற்குத் திரவக் காற்று போதாது, திரவ ஹைட்ரஜன் வேண்டும். குளிரின் அடிமட்டமான தனிச்சுழியிலிருந்து 20 டிகிரி தூரம்வரை இறங்க வேண்டும். அந்த வேலை நடந்த இடம்தான் புன்சன் தெரு ஒன்றாம் எண்.

வேலையை நடத்தியவர் வால்தர் நெர்ன்ஸ்ட். குள்ளமான மனிதர், தன்மேல் அசாத்திய நம்பிக்கை. மின்விளக்கு ஒன்றைக் கண்டுபிடித்து அதன் உரிமையைப் பத்து லட்சம் மார்க்குக்கு விற்றவர் என்று சொல்வார்கள். மோட்டார் கார்ப் பைத்தியமும் உண்டு. 1905 டிசம்பரில், வெப்ப இயக்கவியலின் மூன்றாம் விதி என்று இன்று நாம் படிப்பதன் முதல் வடிவத்தைக் கோட்டிங்கனில் வாசித்தார். முதல் விதியைக் கண்டுபிடிக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள், இரண்டாவதற்கு இரண்டு பேர், மூன்றாவதற்கு நான் ஒருவனே என்று சொல்லிக்கொள்வாராம். அப்படியானால் நான்காவது விதிக்கு ஆளே கிடைக்காது!

அவருக்கு வேண்டியிருந்தது வேதியியல் கணக்கு. ஒரு வினை எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதை வெப்ப அளவுகளிலிருந்தே சொல்லிவிட அவர் விதி வழி காட்டியது. ஆனால் அதைப் பயன்படுத்த, ஒவ்வொரு பொருளின் வெப்ப ஏற்புத்திறனும் தனிச்சுழி நெருங்கும்வரை தெரிந்திருக்க வேண்டும். ஆகவே கூடத்திலிருந்த மாணவர்கள் எல்லாரையும் அளக்க உட்கார்த்திவிட்டார். ஆர்னால்ட் ஆய்க்கன் அவர்களில் ஒருவர். பிற்காலத்தில் சர்ச்சிலுக்கு அறிவியல் ஆலோசகராக இருந்த ஃபிரெடரிக் லிண்டமன் இன்னொருவர்.

அவர்கள் 1909 வாக்கில் உருவாக்கிய கருவியின் எளிமையைச் சொல்லியாக வேண்டும். அதுவரை எல்லாரும் சூடான பொருளை ஒரு பாத்திரத்துக்குள் போட்டுப் பாத்திரத்தை அளந்தார்கள். அதில் ஒரு பெரிய வெப்பநிலை இடைவெளியின் சராசரிதான் கிடைக்கும். குளிரில் மதிப்பே செங்குத்தாகச் சரியும்போது சராசரி எதற்கு உதவும்? நெர்ன்ஸ்ட் பாத்திரத்தையே ஒழித்துவிட்டார். உலோகக் கட்டியில் துளை போட்டு, பாரஃபின் காகிதம் சுற்றிய பிளாட்டினக் கம்பியை உள்ளே வைத்தார்கள். அதை ஒரு குடுவைக்குள் தொங்கவிட்டார்கள். குடுவையைத் திரவ ஹைட்ரஜனில் அமிழ்த்தி, உள்ளே இருந்த காற்றைச் சுத்தமாக உறிஞ்சி எடுத்தார்கள். இப்போது கட்டி வெற்றிடத்தில் தனியாகத் தொங்குகிறது. கம்பியில் கொஞ்ச நேரம் மின்சாரம் பாய்ச்சினால் கட்டி ஒன்றிரண்டு டிகிரி சூடேறும். அதே கம்பியின் மின்தடை மாறுவதைப் பார்த்தால் எத்தனை டிகிரி ஏறியது என்று தெரிந்துவிடும். கொடுத்த ஆற்றலை ஏறிய டிகிரியால் வகுத்தால் விடை. அடுப்பும் அந்தக் கம்பிதான், வெப்பமானியும் அதுதான். கலோரிமானி அந்தக் கட்டியேதான்.

விடைகள் வரிசையாக வந்தன. திரவ ஹைட்ரஜன் வெப்பநிலையில் செம்பின் ஏற்புத்திறன் அறை வெப்பநிலையில் இருப்பதில் ஐம்பதில் ஒரு பங்குதான். எந்தப் பொருளை எடுத்தாலும் கோடு சுழியை நோக்கிச் சரிந்தது. நெர்ன்ஸ்ட் 1910 மார்ச்சில் ரயிலேறி ஐன்ஸ்டைனைப் பார்க்கச் சூரிச்சுக்கே போய்விட்டார். பெர்லினிலிருந்து இவ்வளவு பெரிய மனிதர் தேடி வருகிறார் என்றால் இந்த ஐன்ஸ்டைன் கெட்டிக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். மறுவருடம் அக்டோபர் இறுதியில் பிரஸ்ஸல்ஸின் மெட்ரோபோல் ஓட்டலில் முதல் சால்வே மாநாடு கூடியது. செல்வந்தர் சால்வேயிடம் பேசி அதைக் கூட்டவைத்தவர் நெர்ன்ஸ்ட். அங்கே ஐன்ஸ்டைன் பேசியது சார்பியலைப் பற்றி அல்ல, திடப்பொருள்களின் வெப்ப ஏற்புத்திறனைப் பற்றி.

கட்டடம் இன்னும் நிற்கிறது. நான் வெளியே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சைக்கிளில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்து, நான் பார்க்கிற திசையில் தானும் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் போனார்.

பெர்லினிலிருந்து ஆம்ஸ்டர்டாம் போகிற ரயில் ஹானோவரைத் தாண்டி, பென்ட்ஹைம் அருகே எல்லை கடந்து ஹாலந்துக்குள் நுழைகிறது. எல்லை தாண்டியதும் நிலம் தோசைக்கல் போலத் தட்டையாகிவிடுகிறது என்று எழுத ஆசைதான். ஆனால் கிழக்கு ஹாலந்தில் மரங்களும் மேடுகளும் உண்டு. மேற்கே போகப் போகத்தான் கண்ணுக்கெட்டியவரை புல்லும் வாய்க்காலும் வானமும் என்று ஆகிறது. பயணம் முழுவதும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒரு மூன்றடுக்கு. 1912-இல் பீட்டர் டெபாய் ஐன்ஸ்டைனின் கணக்கைத் திருத்தினார். அணுக்கள் தனித்தனியாக அதிர்வதில்லை, கைகோத்துக்கொண்டு அலை அலையாக அதிர்கின்றன என்று எடுத்துக்கொண்டால், கடுங்குளிரில் ஏற்புத்திறன் வெப்பநிலையின் மூன்றாம் அடுக்காகக் குறைய வேண்டும். வெப்பநிலை பாதியானால் ஏற்புத்திறன் எட்டில் ஒரு பங்கு. பத்தில் ஒன்றானால் ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்படியானால் 20 கெல்வினிலிருந்து 4 கெல்வினுக்கு இறங்குகிறவன் அளக்கவேண்டிய பொருள் கையைவிட்டு நழுவிக்கொண்டே போகும். அந்த இடத்துக்கு முதலில் இறங்கிய ஊர் லைடன்.

லைடன் வாய்க்கால்களின் ஊர். பல்கலைக்கழகம் 1575-இல் தொடங்கியது. ராப்பன்பர்க் வாய்க்காலை ஒட்டி நடந்து ஸ்டேன்ஸ்கூர் என்ற கரைக்கு வந்தால் செங்கல் கட்டடம் ஒன்று நீளமாக நிற்கிறது. இன்று அது சட்டக் கல்லூரி. ஆனால் பெயர் மட்டும் காமர்லிங் ஓனஸ் கட்டடம். மடிக்கணினியோடு படியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் விவரம் தெரியுமோ. பேராசிரியர் காமர்லிங் ஓனஸ் ஹீலியத்தைத் திரவமாக்கி, பூமியில் அதுவரை எங்கும் இல்லாத குளிரை 1908 ஜூலை 10-ஆம் தேதி இந்தச் சுவர்களுக்குள்தான் உண்டாக்கினார்.

இந்த இடத்தில் ஆய்வகம் அமைந்ததற்கும் ஒரு கதை இருக்கிறது. 1807 ஜனவரி 12 அன்று இந்த வாய்க்காலில் வெடிமருந்து ஏற்றி நின்ற படகு ஒன்று வெடித்து, சுற்றியிருந்த வீடுகள் எல்லாம் தரைமட்டமாயின. செத்தவர்கள் நூற்றைம்பது பேர் அளவில். நெடுங்காலம் இடிபாடாகக் கிடந்த அந்த மனையில் ஒரு பக்கம் பூங்காவாயிற்று, மறுபக்கம் ஆய்வகம் எழுந்தது. 1890-களில் காமர்லிங் ஓனஸ் அங்கே அழுத்தப்பட்ட வாயுக்களை வைத்து வேலை செய்கிறார் என்று தெரிந்ததும் ஊருக்குப் பழைய பயம் திரும்பியது. அனுமதி கேட்டு, விசாரணை நடந்து, சில வருடங்கள் வேலையே நின்றுபோனது. ஊரைக் குறைசொல்ல முடியவில்லை.

ஹீலியத்தைத் திரவமாக்கிய கருவியைப் பார்க்க பூர்ஹாவே அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். பழைய கன்னியர் மடம் ஒன்றில் இருக்கிறது அது. வெளிச்சுவரில் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாட்டை ஆளுயரத்துக்கு மேல் எழுதிவைத்திருக்கிறார்கள். உள்ளே கண்ணாடிக் குடுவைகளும் பித்தளைக் குழாய்களும் மரச்சட்டங்களுமாக நிற்கிறது கருவி. ஒன்றும் கடையில் வாங்கியதில்லை. ஓனஸ் ஆய்வகத்துக்குள்ளேயே கருவி செய்வோருக்கும் கண்ணாடி ஊதுவோருக்கும் பள்ளி நடத்தினார். நீலச் சட்டை போட்ட அந்தப் பையன்கள் இல்லாமல் குளிர் இல்லை. அந்த ஜூலை 10 அன்று விடிகாலையில் தொடங்கிய வேலை இரவுவரை நீண்டது. ஹீலியம் திரவமாகிவிட்டதா என்று யாருக்கும் தெரியவில்லை. அவ்வளவு தெளிந்த திரவம். எட்டிப்பார்க்க வந்த சக பேராசிரியர் ஒருவர் கேள்வி கேட்கப்போய், கீழிருந்து விளக்குக் காட்டிப் பார்த்தார்கள். மேற்பரப்பு கத்தி முனை போலத் தெரிந்தது. கிடைத்தது அறுபது கன சென்டிமீட்டர், வெப்பநிலை 4.2 கெல்வின்.

அளந்துதான் அறிய வேண்டும் என்பது ஓனஸின் கொள்கை. 1882-இல் பேராசிரியராகப் பதவியேற்ற நாளில் சொன்னதை அவர் கடைசிவரை விடவில்லை. ஆனால் திடப்பொருளின் வெப்ப ஏற்புத்திறனை ஹீலியக் குளிரில் துல்லியமாக அளக்கும் வேலை அவருக்குப் பின் வந்த கேசோமின் காலத்தில்தான் முழுமையடைந்தது. 1932-இல் கேசோமும் கோக் என்பவரும் வெள்ளீயத்தை அளந்தபோது, 3.7 கெல்வினில் கோடு சட்டென்று ஒரு படி தாவியது. வெள்ளீயம் மின்தடையே இல்லாத மீக்கடத்தியாக மாறுவதும் அதே இடத்தில்தான். மின்சாரத்தைத் தொடாமல், வெறும் வெப்பக் கணக்கிலிருந்தே அந்த மாற்றம் கண்ணில் பட்டது. அதே வருடம் கேசோம் தன் மகள் அன்னா பெட்ரோனெல்லாவோடு சேர்ந்து திரவ ஹீலியத்தையே அளந்தார். 2.17 கெல்வினில் கோடு கூராக எழும்பி இறங்கியது.  அப்பாவும் மகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து மீக்குளிர்த் திரவத்துக்குக் கணக்கெழுதிய காட்சியை நினைத்துக்கொண்டேதான் அந்தக் கட்டடத்தைச் சுற்றி வந்தேன்.

நகரத்துக்கு வெளியே புதிய வளாகம் இருக்கிறது. ரயில் நிலையத்தின் மறுபக்கம் இறங்கி நடந்தால் வந்துவிடும். அங்கே ஒரு குளிர் ஆய்வகத்தில் கொஞ்ச நேரம் இருக்க வாய்ப்புக் கிடைத்தது. கருவிகளைப் பராமரிக்கும் மூத்த தொழில்நுட்பர் ஒருவர் சுற்றிக்காட்டினார். உயரமான மனிதர், பேச்சு கம்மி. திருகு ஒன்றைத் தொடுவதற்கு முன் மூன்று தடவை யோசிக்கிற ரகம்.

மேசைமேல் கழற்றி வைத்திருந்த மாதிரித் தாங்கியைக் காட்டினார். விரல் நகம் அளவு நீலமணித் தகடு. அதன் ஒரு பக்கத்தில் வெப்பமூட்டி, இன்னொரு பக்கத்தில் வெப்பமானி. நாலு பக்கமும் நைலான் இழைகள் இழுத்துப் பிடித்திருந்தன. முடியைவிட மெல்லிய கம்பிகள் அதிலிருந்து புறப்பட்டன.

“நெர்ன்ஸ்ட் செய்ததுதானே இது?” என்றேன்.

“அதேதான். நூறு வருடமாக நாங்கள் செய்ததெல்லாம், அதில் எங்கெங்கே வெப்பம் திருட்டுத்தனமாக நுழைகிறது என்று கண்டுபிடித்ததுதான்” என்றார்.

கணக்கு இப்படி. ஒரு மோல் செம்பு, அதாவது 63.5 கிராம். அறை வெப்பநிலையில் அதை ஒரு டிகிரி ஏற்ற 24.5 ஜூல் வேண்டும். 1 கெல்வினில் அதே கட்டிக்கு முக்கால் மில்லிஜூல் போதும். 33,000-இல் ஒரு பங்கு! ஒரு கிராம் எடையை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு உயரம் தூக்க ஆகும் ஆற்றல் ஏறக்குறைய ஒரு மைக்ரோஜூல். அது உள்ளே நுழைந்தால் இந்தக் கட்டி ஒரு மில்லிகெல்வினுக்கு மேல் சூடாகிவிடும். அளக்கப்போகிற ஏற்றமே சில மில்லிகெல்வின்தான். மாதிரி ஒரு மோல் இல்லாமல் சில மில்லிகிராம் என்றால் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பொருளைக் குளிர்விப்பதே முதல் சிக்கல். வெற்றிடத்தில் தொங்குகிற பொருளிலிருந்து வெப்பம் எப்படி வெளியே போகும்? கொஞ்சம் ஹீலிய வாயுவை உள்ளே விட்டு, அது வெப்பத்தைச் சுவருக்குக் கடத்தியதும் உறிஞ்சி எடுப்பது பழைய வழி. ஆனால் கடுங்குளிரில் ஹீலியம் பொருளின்மேல் ஏடாக ஒட்டிக்கொள்கிறது. அளக்கும்போது சூடேற்றினால் அந்த ஏடு கிளம்பும். நாம் கொடுத்த வெப்பத்தில் ஒரு பங்கைத் தூக்கிக்கொண்டு போகும். செம்பின் கணக்கில் ஹீலியத்தின் செலவும் சேர்ந்துவிடும். சரி, வாயுவே வேண்டாம், உலோகத் தாடை ஒன்றால் பொருளைக் கவ்விக் குளிர்விக்கலாம் என்றார்கள். குளிர்ந்த பிறகு தாடையைத் திறக்க வேண்டுமே; திறக்கிற உரசலில் வெப்பம் பிறக்கிறது.

கம்பிகள் அடுத்த சிக்கல். மின்சாரம் போக வேண்டும், வெப்பம் போகக் கூடாது. மீக்கடத்தியாகிற நயோபியம்-டைட்டானியம் கம்பி இரண்டுக்கும் ஒத்துப்போகிறது. வெப்பமானியோ இன்னும் கஷ்டம். பிளாட்டினம் 14 கெல்வின் வாக்கில் மந்தமாகிவிடுகிறது. அதற்குக் கீழே அதன் மின்தடை மாறவே மாட்டேன் என்கிறது. 1950-களில் ஒரு வேடிக்கை நடந்தது. வானொலிப் பெட்டிக்குள் இருக்கிற, காசுக்கு நாலு கிடைக்கிற கார்பன் மின்தடை, ஹீலியக் குளிரில் அருமையான வெப்பமானி என்று தெரியவந்தது. உலகத்துக் குளிர் ஆய்வகங்கள் எல்லாம் ரேடியோ கடைக்கு ஓடின. பிறகு ஜெர்மானியம் வந்தது, வேறு பல வந்தன. ஆனால் எதைப் பயன்படுத்தினாலும், வெப்பமானியைப் படிக்கக் கொஞ்சம் மின்சாரம் பாய்ச்ச வேண்டும். அந்த மின்சாரமும் சூடேற்றும். படிக்கிற செயலே படிக்கப்படுவதைக் கெடுத்துவிடாமல் நானோவாட் அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து அறையில் பம்பு ஒன்று ஓடத் தொடங்கியது. திரையில் கிடையாகப் போய்க்கொண்டிருந்த வெப்பநிலைக் கோடு லேசாக மேலே சாய்ந்தது. அவர் விரலால் காட்டினார். தரை வழியாக வந்த அதிர்வு நைலான் இழைகளை மீட்டி, இழை பொருளை மீட்டிச் சூடேற்றிவிட்டதாம். வானொலி நிலையங்களின் அலைகள்கூடக் கம்பி வழியே நுழைந்து வெப்பமானியைச் சூடாக்கும். அதற்காகத்தான் உலோகச் சுவர் வைத்த அறை, ஒவ்வொரு கம்பியிலும் வடிகட்டி.

அதன் பிறகும் கோடு ஒருபோதும் முழுக்கக் கிடையாக இருப்பதில்லை. எங்கிருந்தோ ஒரு துளி கசிவு இருந்துகொண்டே இருக்கும். அதையும் மறைக்காமல் எழுதிக்கொள்கிறார்கள். வெப்பம் கொடுப்பதற்கு முன் கோடு எந்தச் சாய்வில் போனது, கொடுத்த பின் எந்தச் சாய்வில் போகிறது என்று இரண்டையும் நீட்டி வரைந்து, வெப்பம் கொடுத்த நேரத்தின் நடுப்புள்ளியில் அவற்றின் இடைவெளியை அளக்கிறார்கள். கசிவு கணக்கிலிருந்து விலகிவிடுகிறது.

அடுத்ததுதான் கழித்தல். தகடு, வெப்பமூட்டி, வெப்பமானி, கம்பியின் ஒரு பகுதி, மாதிரியைத் தகட்டில் ஒட்டவைக்கிற பசை எல்லாம் வெப்பத்தில் பங்கு கேட்கும். எனவே மாதிரி இல்லாமல் வெறும் தாங்கியை முதலில் முழுக்க அளக்கிறார்கள். பசையை மில்லிகிராம் கணக்கில் நிறுத்துப் போடுகிறார்கள். சின்ன மாதிரி என்றால் மொத்தத்தில் பாதிக்குமேல் இந்தக் கழிவுக்கே போய்விடுமாம். கழித்தது போக மீதி எவ்வளவோ, அதுதான் செய்தி.

“மீதி சரிதான் என்று எப்படித் தெரியும்?”

“செம்பை அளப்போம்” என்றார்.

புதுக் கருவி செய்தவர்கள் முதலில் மிகச் சுத்தமான செம்பை அளந்து காட்ட வேண்டும். 1960-களில் கலோரிமானிக்காரர்கள் கூடி ஒரே வார்ப்பிலிருந்து செம்புக் கட்டிகளை எடுத்துப் பல ஆய்வகங்களுக்கும் கொடுத்தார்கள். எல்லாரும் அளந்து ஒப்பிட்டார்கள். உங்கள் செம்பு ஊரார் செம்போடு ஒத்துப்போகாவிட்டால் உங்கள் புதுப்பொருளைப் பற்றிப் பேச உங்களுக்கு வாயில்லை. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வெப்பநிலை அளவுகோலிலேயே எங்காவது சின்ன வளைவு இருந்தால், அது பொருளின் ஏற்புத்திறனில் பொய்யான மேடாகத் தெரியும். இரண்டு நெருங்கிய வெப்பநிலைகளின் வித்தியாசத்தால் வகுக்கிறோம் அல்லவா? அளவுகோலின் சிறு கோணல் அங்கே பெரிதாகிவிடுகிறது. உலகம் ஒத்துக்கொண்ட அளவுகோல்களின் கோணலே ஒரு காலத்தில் இப்படித்தான் அகப்பட்டது.

சுவரில் ஒரு வரைபடம் ஒட்டியிருந்தது. ஏற்புத்திறனை வெப்பநிலையால் வகுத்து ஓர் அச்சில், வெப்பநிலையின் இருமடியை மற்றொன்றில் வைத்து வரைந்தது. செம்பின் புள்ளிகள் நூல் பிடித்தாற்போல ஒரே நேர்கோட்டில் நின்றன. கோட்டின் சாய்வு அணுக்களின் அலைகளைச் சொல்கிறது, டெபாயின் மூன்றாம் அடுக்கு. கோடு இடது அச்சைத் தொடும் உயரம் எலக்ட்ரான்களைச் சொல்கிறது. உலோகத்துக்குள் திரியும் எண்ணற்ற எலக்ட்ரான்கள் வெப்பத்தில் பங்கு கேட்காமல் எப்படி இருக்கின்றன என்பது அந்தக் காலத்துப் புதிர். சோமர்ஃபெல்டு 1920-களின் இறுதியில் விடை சொன்னார். குவாண்டம் விதிப்படி மேல்தட்டில் இருக்கும் சில எலக்ட்ரான்கள்தான் அசைய முடியும்; அவற்றின் பங்கு வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் குறையும். அணுக்களின் பங்கு மூன்றாம் அடுக்காக ஓடி ஒளிந்த பிறகு, அந்தக் கடுங்குளிரில்தான் எலக்ட்ரான்களின் குரல் கேட்கும். செம்புக்கு அந்த உயரம் 0.695 மில்லிஜூல்.

1975-இல் சீரியமும் அலுமினியமும் சேர்ந்த ஒரு சேர்மத்தை அளந்தவர்களுக்கு அதே இடத்தில் 1,620 வந்தது. செம்பைப் போல இரண்டாயிரம் மடங்குக்கு மேல். அந்தப் பொருளுக்குள் எலக்ட்ரான்கள் தங்கள் இயல்பான எடையைவிட நூற்றுக்கணக்கான மடங்கு கனத்தவை போல நடந்துகொள்கின்றன. அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து ஒரு புதிய துறையே கிளைத்தது. ஒரு மின்தடை, ஒரு வெப்பமூட்டி, பொறுமையான கழித்தல், இவ்வளவுதான் முதலீடு.

வெளியே வந்தபோது, அதே வளாகத்தில் நீல்ஸ் போர் சாலையில் இருக்கும் இன்னொரு கட்டடத்தைக் காட்டினார்கள். அது ஹாலந்தின் விண்வெளி ஆய்வு நிறுவனமான ஸ்ரான். குளிர்ந்த செம்புக்கும் விண்வெளிக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிப்பவர்களுக்கு இங்கே விடை இருக்கிறது. தனிச்சுழிக்கு அருகே திடப்பொருளின் ஏற்புத்திறன் ஒன்றுமில்லாமல் போகிறது என்பது அளக்கிறவனுக்குத் தொல்லை. ஆனால் தலைகீழாகப் பாருங்கள். அப்படிப்பட்ட ஒரு சிறு துண்டின்மேல் ஒரே ஒரு எக்ஸ் கதிர்த் துகள் வந்து விழுந்தால் போதும், அது சூடேறுவது தெரிந்துவிடும். எவ்வளவு சூடேறியது என்று அளந்தால் வந்த துகளின் ஆற்றல் தெரியும். நெர்ன்ஸ்ட் தெரிந்த வெப்பத்தைக் கொடுத்துப் பொருளை அறிந்தார். இங்கே தெரிந்த பொருளை வைத்துக்கொண்டு வந்த வெப்பத்தை அறிகிறார்கள். ஜப்பான் 2023 செப்டம்பரில் ஏவிய கிரிஸ்ம் செயற்கைக்கோளின் கருவியில் இப்படி 36 துண்டுகள் இருக்கின்றன. அவை இயங்கும் வெப்பநிலை 0.05 கெல்வின். கருவியின் ஒரு பகுதியைச் செய்துகொடுத்தது ஸ்ரான்.

அதற்கு முன்னோடியான ஹிடோமி 2016-இல் சில வாரங்களே உயிரோடு இருந்தது. அதற்குள், பல கோடி ஒளியாண்டு தூரத்துப் பெர்சியஸ் விண்மீன் திரள் கொத்தை நிரப்பியிருக்கும் கொதிவாயு எவ்வளவு வேகத்தில் கலங்குகிறது என்று சொல்லிவிட்டது. விநாடிக்கு 164 கிலோமீட்டர், பிழை பத்து கிலோமீட்டர் அளவு. அங்கே பல கோடி டிகிரி, இங்கே தனிச்சுழியிலிருந்து ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு தூரம். அந்தச் சூட்டை இந்தக் குளிரால்தான் அளக்க முடிகிறது.

லைடனுக்குப் போகிறவர்கள் வாய்க்காலில் படகுச் சவாரி செய்யுங்கள், ரெம்பிராண்ட் பிறந்த ஊர் என்று தெருவில் சுற்றுங்கள். பூர்ஹாவே அருங்காட்சியகத்துக்குப் போகாமல் மட்டும் வந்துவிடாதீர்கள். அங்கே ஹீலியக் கருவிக்கு முன்னால் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். அவர்களுக்கு இடம் விட்டுவிட்டு, சின்னச் சின்னக் குடுவைகளும் கம்பிச்சுருள்களும் இருக்கிற கண்ணாடிப் பெட்டிகளைப் பாருங்கள். அந்தக் குளிரை உண்டாக்கியதற்கு நோபல் பரிசு கிடைத்தது, நியாயம்தான். அந்தக் குளிரில் உட்கார்ந்து கம்பிக்கு எவ்வளவு, பசைக்கு எவ்வளவு, கசிவுக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டிருந்தவர்களில் பலருடைய பெயர் நமக்குத் தெரியாது. திடப்பொருளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அவர்கள் கழித்தது போக மிஞ்சியதுதான்.